இரண்டாவது கொட்டை

அபு ஷகாராவில் ஆகஸ்ட்.
ஆறு மணிவரை கீழே இறங்கக் கூடாது என்பதால்
ஐந்தாம் மாடி நடைவழிதான் அவர்களுக்கு மைதானம்.
பந்து கூடாது, சைக்கிள் கூடாது, சத்தம் கூடாது.
மிச்சமிருந்தது யோசனை ஒன்றுதான்.

மின்ஹா, ரெக்சன், தாரகை.
கதவுக்கு இந்தப் பக்கம் நான்.

முதலில் லிஃப்ட்.
‘நாளை சரியாகும்’ என்று தாள் ஒட்டிப்
பன்னிரண்டு நாளாகிறது.
பொய், என்றான் ரெக்சன்.
இன்னிக்கே எப்படிச் சொல்வே, என்றாள் தாரகை,
நாளைக்குத்தானே அது பொய்யாகும்?
நாளைக்கும் அது நாளைன்னுதானே சொல்லும்?
மூவரும் அந்தத் தாளையே பார்த்தபடி நின்றார்கள்.
கதவின் கண்ணாடிக் குமிழில்
தொட்டி மீன்கள்போல் வளைந்து தெரிந்தார்கள்.

பிறகு வாசல் வாசலாய்ச் செருப்புகள்.
யாரையும் கேட்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது,
பார்த்தே கண்டுபிடிக்கணும். அதுதான் விதி.
503-இல் ஏழு ஜோடி, கட்டில் ஆறு:
யாரோ ஒருத்தருக்கு ராத்திரி வேலை.
505-இல் சின்னச் செருப்பு, ஈரம்:
நீச்சல் வகுப்பு முடிந்துவிட்டது.
507-இல் கறுப்பு ஷூ.
என்னுடையது.

“ஷூ வெளிய இருக்கு. அதனால அங்கிள் உள்ள இருக்கார்.”
மின்ஹாவுக்கு அது முடிந்த கணக்கு.
ரெக்சன் விடவில்லை:
“அவர்கிட்ட ரெண்டு ஜோடி இருந்தா?”
நல்ல கேள்வி.
ஒரு ஜோடிதான், தம்பி.
தள்ளுபடியில் வாங்கியது, நேர்காணலுக்கென்று.

தாரகை வாயிலிருந்த பேரீச்சங்கொட்டையை எடுத்து
சட்டையில் துடைத்து
இடது ஷூவுக்குள் போட்டாள்.
கை படவில்லை, கொட்டைதான் பட்டது,
ஆகவே விதி மீறப்படவில்லை என்று தீர்ப்பானது.
“நாளைக்கும் உள்ள இருந்தா, போடலை.”

மறுநாளும் இருந்தது.
அதற்கு மறுநாளும்.
நான் வெளியே போகாமலில்லை.
இரவு இரண்டு மணிக்கு ரப்பர் செருப்பில் இறங்கி
குப்பையைப் போட்டு, குபூஸ் வாங்கி
ஐந்து மாடி ஏறி வந்தேன்.

“குப்பைப் பை காலைல இல்லை. ஆள் இருக்கார்.
ஷூ போடலை. ஆபீஸ் போகலை.
லீவா?”
“லீவுன்னா ஊருக்குப் போயிருப்பாரே.”
“காய்ச்சலா?”
“இருமலே கேக்கலையே.”
ஒவ்வொரு கதவாய்ச் சாத்திக்கொண்டு
என்னை நோக்கி வந்தது அந்தப் பேச்சு.
இன்னும் ஒரே ஒரு கதவுதான்.
அதை மூவரில் ஒருவரும் சொல்லவில்லை.
தெரியாமலா, தெரிந்தா?
எனக்கு இன்றுவரை விடையில்லை.

அன்று இரவு
நானும் ஒரு கொட்டை போட்டேன்.

“நாம போட்டது ஒண்ணு. இப்ப ரெண்டு.”
“கொட்டை குட்டி போடாது.”
“அப்போ...”
தாரகை குரலைத் தாழ்த்தினாள்:
“நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியும்.”
மின்ஹா இன்னும் தாழ்த்தி:
“அது இப்ப நமக்கும் தெரியும்.”
எனக்கும், என்று சொல்ல வாய் வந்தது.

கதவிடுக்கில் ஒரு தாள் நுழைந்தது.
கட்டம் போட்ட நோட்டு, பென்சில் எழுத்து.
‘நீங்கள் எப்போதும் உண்மை சொல்பவரா
எப்போதும் பொய் சொல்பவரா, எங்களுக்குத் தெரியாது.
கேள்வி: நீங்கள் பொய் சொல்பவரா?
ஆம் என்றால் ஒரு தட்டு. இல்லை என்றால் இரண்டு.’

தவறான கேள்வி, பிள்ளைகளே.
உண்மை சொல்பவன் இரண்டு தட்டுவான்.
பொய் சொல்பவனும் இரண்டுதான் தட்டுவான்.
இதை வைத்து யாரைப் பிரிப்பீர்கள்?

இருபத்தாறு நாளாய்
மாலை ஆறரைக்கு முகம் கழுவி, முழுக்கைச் சட்டை மாட்டி
வீடியோவில் சுகுணாவிடம் சொல்கிறேன்:
“இப்பதான் வந்தேன், ரோட்டுல செம கூட்டம்.”

ஒரு முறை தட்டினேன்.

வெளியே மூச்சுச் சத்தம்கூட இல்லை.
“ஒண்ணா?”
“ஒண்ணுதான்.”
“ஒண்ணு வரவே வராதே!”
மூவரும் போய்ப் படியில் உட்கார்ந்தார்கள்.
அசர் பாங்கு வந்து, முடிந்தது.
யாரோ பென்சிலைக் கடிக்கும் சத்தம்.
வெகுநேரம் கழித்து ரெக்சன், மெல்ல:
“நாம ஒரு வகையை விட்டுட்டோம்.”

கதவைக் கொஞ்சம் திறந்து
கையை மட்டும் நீட்டி ஷூவை உள்ளே எடுத்தேன்.
மணி நாலரை. ஊரில் ஆறு.
பனியனோடே
சுகுணாவைக் கூப்பிட்டேன்.